ஆறிய இஞ்சின்

1994-ல் திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டு வாசலில் நின்ற புல்லட்டைப் பார்க்கப் போனோம். நானும், என் எஸ்டி பைக்கைப் பத்து வருடமாகப் பார்த்துவந்த மெக்கானிக் பாயும். வண்டிக்காரர் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பாய் டேங்க்கையும் பார்க்கவில்லை, பெயின்ட்டையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து புறங்கையை இஞ்சின் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கேண்ணே. இப்பத்தான் எடுத்தீங்களா?"

"சும்மா மார்க்கெட் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் பாய்."

"சரிண்ணே. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வர்றோம். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். எனக்கு வருத்தம். பத்து வருடம் வண்டி ஓட்டியவன், கன்னியாகுமரி, கொடைக்கானல் எல்லாம் இரண்டு சக்கரத்திலேயே போய் வந்தவன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடாதா என்று நினைத்தேன். டீக்கடையில் பாய் சொன்னார்: "சூடான இஞ்சின் எல்லாமே நல்ல இஞ்சின்தான் தம்பி. ராத்திரி முழுக்க ஆறுனதுக்கப்புறம் அது என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."

மறுநாள் அவர் பார்த்த விதம் இன்றும் கண்முன் நிற்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கிக்கரின் மேல் முழு எடையையும் வைத்து ஏறி நின்றார். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் கிக்கர் ஆளைத் தாங்கும், மெல்ல மெல்லத்தான் இறங்கும். சரசரவென்று இறங்கினால் ரிங்கோ வால்வோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, டி-கம்ப் லீவரை அழுத்தி இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டு ஓர் உதை. மூன்றாவது உதையில் பிடித்தது. உடனே சைலன்சர் பக்கம் ஓடினார். முதலில் ஒரு கொத்து நீலப் புகை வந்தது, பிறகு தெளிந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்து இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். எழுந்து, வண்டிக்காரரிடம் தணிந்த குரலில் பேசினார்.

"பிஸ்டன் இன்னும் ஒரு வருஷம் ஓடும்ணே. அப்புறம் போர் போடணும். அந்தச் செலவ நீங்களே விலையில குறைச்சுக்குங்க."

பதினைந்தாயிரம் கேட்ட வண்டி 12,500 ரூபாய்க்கு முடிந்தது. பாய் சொன்னபடியே பதினான்காவது மாதம் போர் போட்டேன்.

அந்த நாளில் நெடும்பயணத்துக்கென்று தனியாக வண்டி இருந்ததில்லை. டூரிங் பைக் என்ற சொல்லையே நாங்கள் பேசியதில்லை. லாங் போகிற வண்டி என்போம்; அதற்கு ஒரே பொருள், போன இடத்திலிருந்து வீடு கொண்டுவந்து சேர்க்கும் வண்டி என்பதுதான். என் புல்லட் 82 மாடல். 346 சி.சி., 18 குதிரைசக்தி, நாலு கியர். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆறு வோல்ட் பேட்டரி என்பதால் இரவில் ஹெட்லைட் நாட்டு விளக்கு மாதிரி எரியும். ஆனால் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் 330 கிலோமீட்டரும் அன்று இருவழிச் சாலை. பஸ், லாரி, மாட்டு வண்டி, சாலையில் காய வைத்த நெல் எல்லாவற்றுக்கும் நடுவே மணிக்கு 55, 60-க்கு மேல் யாரும் போக முடியாது. அந்த வேகத்தில் புல்லட்டைப் போல அலுப்பில்லாமல் ஓடிய வண்டி வேறு எதுவும் இல்லை.

அது மலிவாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகு ஊரெல்லாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கத் தொடங்கிவிட்டது. புல்லட் பெட்ரோல் குடிக்கும், ஆயில் கசியும், உதைத்து ஸ்டார்ட் பண்ண ஆள் வேண்டும். வீட்டுக்காரருக்கு முட்டிவலி வந்தாலோ, மகள் கல்யாணத்துக்குக் கையில் காசு குறைந்தாலோ வண்டி வெளியே வந்துவிடும். வருகிறது என்ற செய்தி மெக்கானிக் காதுக்குத்தான் முதலில் எட்டும். அதனால் வண்டியைத் தேடியதில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருப்போம். நான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

இன்னொன்றும் அன்று எளிதாக இருந்தது. 1955-ல் சென்னையில் பூட்டத் தொடங்கிய அதே புல்லட்தான், சிறு சிறு மாற்றங்களோடு, நாற்பது வருடம் கழித்தும் திருவொற்றியூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் அதைப் பெற்றெடுத்த கம்பெனியே 1970-ல் மூடிவிட்டது. இங்கே வண்டி நிற்கவில்லை. ஆகவே 72 மாடலா 82 மாடலா என்பது வயதைச் சொல்லுமே தவிர, வண்டி அதே வண்டிதான். எந்த ஊர் லேத் பட்டறையிலும் புஷ் கடைந்து தருவார்கள். மணப்பாறையில் கிளட்ச் கேபிள் அறுந்தால் மணப்பாறையிலேயே சரியாகும். கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதல்ல, அந்தக் கோளாறுக்கு என்ன விலை என்பதுதான் அன்றைய பேரம். வாங்குபவர், விற்பவர், மெக்கானிக் மூன்று பேரும் ஒரே இஞ்சினை ஒரே காதால் கேட்டார்கள்.

ஆனால் காகிதம்? அந்த விஷயத்தில் அன்றைக்கு நாங்கள் நடந்துகொண்டது தவறு. இப்போது நினைத்தாலும் மனம் கூசுகிறது. பணம் கொடுத்ததும் ஆர்.சி. புக்கும், கையெழுத்துப் போட்ட வெற்று ஃபாரம்களும் கைக்கு வரும். அதைப் பீரோவில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டுவோம். என் புல்லட் நாலரை வருடம் பெயர் மாற்றாமலே ஓடியது. அது பாலக்கரைக்காரர் பெயரில்கூட இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர் பெயரிலேயே இருக்கிறது என்று பிறகுதான் தெரியவந்தது. நான் எங்காவது யாரையாவது இடித்திருந்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டியவர், என் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மனிதர். இது வெறும் அச்சம் அல்ல. 2007-ல் விற்கப்பட்டு, பெயர் மாற்றாமலே பல கை மாறிய ஒரு கார் 2009-ல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முப்பது வருடம் கழித்து மறுபடி ஒரு பழைய வண்டி தேடினேன். இந்த முறை நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டி: 2016-ல் வந்த ஹிமாலயன் 411. பதினைந்து லிட்டர் டேங்க், முன்னால் 21 அங்குலச் சக்கரம், சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 2023 நவம்பரில் 40 குதிரைசக்தி கொண்ட, தண்ணீரால் குளிரும் 450 வந்ததோடு இதன் காலம் முடிந்தது. அதனால் பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது. புதிய 450 நல்ல வண்டி. நாலுவழிச் சாலையில் நாள் முழுக்க நூறில் போக நினைப்பவருக்கு அதுதான் சரி. எனக்கு வேண்டியது எண்பதில் போகும் வண்டி, மலையில் இரண்டாம் கியரில் இழுக்கும் வண்டி. முப்பது வயதில் வண்டிக்கு ஏற்ப நான் மாறிக்கொண்டேன். அறுபது வயதில், கால் இரண்டும் முழுசாகத் தரையில் ஊன்றுமா, சாய்ந்த வண்டியை நானே தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. பி.எஸ்.6 ஹிமாலயன் 199 கிலோ. நண்பர் ஒருவரின் வண்டியைப் புல்தரையில் படுக்க வைத்து, தனியாகத் தூக்கிப் பார்த்த பிறகுதான் தேடவே ஆரம்பித்தேன். அனுபவமுள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கத் தயங்குகிறார்கள். தயவுசெய்து செய்து பாருங்கள்.

தேடுவது இப்போது அரை மணி வேலை. கைப்பேசியைத் திறந்தால் கோவை, சேலம், சென்னை, பெங்களூரு என்று வரிசையாக வண்டிகள். சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், டாக்குமென்ட் கரண்ட் என்று எல்லாவற்றின் கீழும் ஒரே வாசகம். பெங்களூரு வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டிக் கணக்குப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். அன்று பொருட்படுத்தாத மாடல் வருடம் இன்று தலையான விஷயம். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலிலிருந்து. பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரலில். ஒரே பெயரில் ஓடும் 2017 வண்டியும் 2021 வண்டியும் உள்ளுக்குள் வேறு வேறு. வருடத்தைக் கேட்காமல் விலையைக் கேட்பதில் பயனில்லை.

முதலில் கோவையில் ஒரு வண்டி பார்த்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறை போட்டு நின்றது. 2020 வண்டி, ஓடியது 5,800 கிலோமீட்டர்தான். ஒரு கீறல் இல்லை. உடன் வந்த நண்பர் அந்த எண்ணைப் பார்த்ததுமே அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார். நான் டயரின் பக்கவாட்டில் குனிந்து நாலு இலக்க எண்ணைத் தேடினேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். வண்டியோடு வந்த அதே டயர், நகம் பதியாத அளவுக்கு இறுகி, பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகளோடு இருந்தது. பேட்டரி உயிரில்லாமல் கிடந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, வார்னிஷ் மாதிரி ஒரு நெடி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; நிற்கிற வண்டியின் டேங்க்கை அது உள்ளிருந்து அரிக்கும். பிரேக் ஆயிலும் அப்படியே, ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இதில் மாற்றியதற்கு ரசீது இல்லை. முன் ஃபோர்க்கை அழுத்தி விட்டதும் குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம் தெரிந்தது. சீல் காய்ந்திருந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். லடாக் போகிற ஆசையில் வாங்கியிருக்கிறார். ஊட்டிக்கு ஒருமுறை, வால்பாறைக்கு ஒருமுறை போனதோடு வேலை மாறி, குழந்தை பிறந்து, வண்டி கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் நெடும்பயண வண்டிகளில் பல இப்படித்தான். அன்று மனிதர்கள் ஓட்டித் தேய்த்த வண்டியை விற்றார்கள். இன்று பலர் போகாத பயணத்தை விற்கிறார்கள், அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள். குறைந்த கிலோமீட்டர் என்றால் நல்ல வண்டி என்ற எண்ணத்தை நாம் ஸ்கூட்டர் வாங்கியபோது பழகிக்கொண்டோம். நெடுஞ்சாலையில் ஒரே சீராக, சூடேறிய இஞ்சினோடு ஓடும் 300 கிலோமீட்டரில் ஏற்படும் தேய்மானம், டவுனுக்குள் ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓடும் 300-ல் ஏற்படுவதைவிடக் குறைவு. எங்கும் ஓடாமல் நிற்கும் வண்டியிலோ ரப்பர், சீல், ஆயில், பேட்டரி எல்லாம் ஒருசேரக் கெடும்.

இரண்டாவது வண்டி சேலம் அஸ்தம்பட்டியில். 2021 மாடல், 41,000 கிலோமீட்டர். விற்றவர் முப்பது வயதுப் பையன். 450 புக் செய்துவிட்டார். முதல் நாள் இரவே போனில் சொல்லியிருந்தேன், காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் தம்பி என்று. போனதும் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பாய் தன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்திருந்தால் இந்த இஞ்சின் அவரிடம் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி சின்னக் குறைகளைத் தானே சரிக்கட்டிக்கொண்டு ஓடும். காதுக்கு எல்லாம் நன்றாகவே கேட்கும். அதனால் பார்வை வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் செக் இஞ்சின் விளக்கு எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை மறைத்திருக்கக்கூடும். ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகர்ந்த பிறகு அணைய வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினால், நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் ஒரு தடங்கல் இருக்கக் கூடாது. இருந்தால் கோன் செட் போய்விட்டது. செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது, ஸ்பிராக்கெட் பல் ஒருபக்கமாகக் கூர்ந்து சாய்ந்திருக்கிறதா, பெட்டி மாட்டும் பின் சட்டத்தில் வெல்டிங் வைத்த தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். மூட்டை ஏற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போன வண்டியில் சட்டம் விரிசல் விடுவது அந்த இடத்தில்தான்.

இவற்றையெல்லாம்விட நான் அதிக நேரம் பார்த்தது சீட்டுக்கு அடியில். கூடுதல் ஃபாக் லைட், கைப்பேசி சார்ஜர், ஹாரன் என்று ஆளாளுக்கு ஒயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பழைய நெடும்பயண வண்டியில் நடுவழியில் நிற்க வைக்கும் கோளாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சேலத்துத் தம்பி ரிலேவும் தனி ஃபியூஸும் வைத்து, ஒயரைக் குழாய்க்குள் விட்டுக் கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது. வலது பக்க இஞ்சின் கார்டில் இருந்த தேய்ப்பைப் பற்றிக் கேட்டேன்.

"கொல்லிமலையில மணல்ல சறுக்கிட்டேன் சார். அன்னைக்கே ஹேண்டில்பார் மாத்திட்டேன், பில் இருக்கு."

கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும், டயருக்கும், செயின் செட்டுக்கும் தேதி போட்ட பில்கள். மீட்டர் திருத்தப்பட்டதா என்ற சந்தேகத்துக்கே அங்கு இடமில்லை. பில்லில் எழுதிய கிலோமீட்டரும் தேதியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக நடந்து வந்திருந்தன. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கினேன். தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது பிரேக்கில் அதிர்வு இல்லை, ஹேண்டில்பார் ஒரு பக்கமாக இழுக்கவில்லை. 1,38,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். கோவையில் கேட்டதைவிட இருபத்தெட்டாயிரம் குறைவு.

அன்றைய அனுபவம் இஞ்சினை அறிவதில் செலவானது. இன்று அதே அனுபவத்தை ஓட்டியவரை அறிவதில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. வண்டி பேசுவது குறைந்துவிட்டது. அதை வைத்திருந்தவர் அதை எப்படி நடத்தினார் என்பது ஒயரிலும் பில்லிலும் அவர் பேச்சிலும் தெரிகிறது. பாலக்கரையில் நாங்கள் கவனிக்காமல் விட்டதே இந்த மனிதரைத்தான். அவர் தந்த காகிதங்களை நாலரை வருடம் பீரோவில் பூட்டி வைத்திருந்தோம்.

காகித விஷயத்தில் இன்றைய நாள் அன்றைவிட எவ்வளவோ மேல். வண்டி எண்ணைக் கொடுத்தால் அரசின் பரிவாகன் செயலியில் உரிமையாளர் எத்தனையாவது, இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் பதிவு உண்டா என்று தெரிந்துவிடுகிறது. கட்டாத அபராதச் சலான்களையும் பார்த்துவிடலாம். கடன் அடைத்தும் எச்.பி. என்ற அந்தப் பதிவை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். வங்கிச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் தரக் கூடாது. விற்பவர் 29-ஆம் படிவம், இருவரும் சேர்ந்து 30-ஆம் படிவம். விற்ற தகவலை 14 நாளுக்குள் விற்பவரும், பெயர் மாற்ற விண்ணப்பத்தை 30 நாளுக்குள் வாங்கியவரும் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவரோடு போய்விடும், அதைப் பிரீமியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ கன்சல்டிங் வழியாக வாங்கினால், 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேண்டும் என்ற விதி இருக்கிறது; அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

சேலத்து வண்டியின் பெயர் மாற்றத்துக்கு நானும் அந்தத் தம்பியும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். என் பெயரில் ஆர்.சி. வந்ததும் முதல் படத்தை அவருக்குத்தான் அனுப்பினேன். பாலக்கரைக்காரருக்கு நான் செய்யாமல் விட்டது அது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியில் எல்லாம் பார்த்து முடியுங்கள், விலையும் விசாரியுங்கள். முதல் நாள் இரவு விற்பவரைக் கூப்பிட்டு, காலையில் நான் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் வேறு எதையும் பார்க்கும் முன் இஞ்சின் மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள்.